மூக்குத்திச் செடி

போன வருடம் நண்பனின் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கெடாவுக்குப் போயிருந்தேன். மறுநாள் காலை நண்பனின் அப்பா, “வா தம்பி, யான் பக்கம் போயி மீன் வாங்கிட்டு வந்துருவோம்” என்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். ஒரு பக்கம் குனோங் ஜெராய். இன்னொரு பக்கம் கண் போகும் வரை வயல். விதைத்து மூன்று நான்கு வாரம் ஆன பயிர், தண்ணீருக்குள் நின்றது. ஓரிடத்தில் வாய்க்காலையே காணோம். தண்ணீருக்கு மேல் செம்பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு கம்பளம் விரிந்து கிடந்தது. காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக் கை நிறைய அள்ளினேன். விரல் நுனி அளவில் கிளை கிளையாக, அடியில் மெல்லிய வேர் தொங்கும் செடி.

“என்னா இது, கியாம்பாங்கா?” என்றார்.

“இல்ல அங்கிள், அசோலா. இதுக்குள்ள ஒரு உரத் தொழிற்சாலை இருக்கு.”

அவர் சிரித்தார். சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. 26 வருடம் லாரி ஓட்டியவர். பட்டர்வொர்த்திலிருந்து கெடா முழுக்க உர மூட்டை ஏற்றி இறக்கியவர். “தொழிற்சாலைய நான் பாத்திருக்கேன் தம்பி, இது பாசி” என்றார்.

அன்று மீன் வாங்கி வரும் வழியெல்லாம் அவரிடம் சொல்லத் தொடங்கி முடிக்க முடியாமல் போன கதை இது. அதன் பெரும்பகுதி நடப்பது வட வியட்நாமில். கொஞ்சம் வங்காளத்திலும் கோயம்புத்தூரிலும்.

முதலில் ஒரு சொல். நைட்ரஜனுக்குத் தமிழ் விவசாயிகள் சொல்வது தழைச்சத்து. மணிச்சத்து, சாம்பல்சத்து என்று மற்ற இரண்டையும் சேர்த்து மூன்றும் அழகான சொற்கள்தாம். ஆனால் தழைச்சத்தில் ஒரு வரலாறே ஒளிந்திருக்கிறது. தழைக்க வைக்கும் சத்து என்பது ஒரு பொருள். கொளுஞ்சி, ஆவாரை, வேம்பு என்று தழைகளை வெட்டி வந்து சேற்றில் மிதித்துக் கொடுத்த சத்து என்றும் அதைக் கேட்டுக்கொள்ளலாம். நைட்ரஜனுக்கு மூட்டை வடிவம் கிடைத்தது மிகப் பிந்திதான். காற்றில் முக்கால் பங்குக்கு மேல், 78 சதவீதம், நைட்ரஜன்தான். ஆனால் நெல்லால் அதைத் தொடக்கூட முடியாது. இரண்டு அணுக்களும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபரும் கார்ல் போஷும் இரும்பு வினையூக்கியையும், 400, 500 டிகிரி வெப்பத்தையும், கடலடியை ஒத்த அழுத்தத்தையும் பயன்படுத்தினார்கள். 1913-ல் ஓப்பாவ் என்ற இடத்தில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் மூட்டையில் வரும் யூரியா முழுக்க அந்த வழியில் வந்ததுதான்.

அதற்கு முன்பு ஆசியா எப்படிச் சாப்பிட்டது? கோதுமை வயலை உரமில்லாமல் தொடர்ந்து பயிரிட்டால் மண் சீக்கிரம் சோர்ந்துவிடும். தண்ணீர் கட்டிய நெல்வயல் அப்படியில்லை. விளைச்சல் குறைவுதான், ஆனால் வருடா வருடம் ஏதோ ஒன்று விளைந்துகொண்டே இருந்தது. அறுவடையோடு வெளியே போகும் நைட்ரஜனை யாரோ திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார்கள். யார்?

இதற்குத் தெளிவான பதிலைச் சொன்னவர் பி.கே. டே. வங்காளத்து நெல்மண்ணைச் சோதித்து, தண்ணீரில் படரும் நீலப்பச்சைப் பாசிகள், குறிப்பாக அனபீனா வகைகள், காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன என்று 1939-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். நாம் பாசி என்கிறோம், உண்மையில் அவை பாக்டீரியாக்கள். வெயிலில் உணவு தயாரிக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள். மணி கோர்த்தது போன்ற இழையில் பத்து மணிக்கு ஒன்று தடித்திருக்கும். அந்தத் தடித்த அறைக்குள் ஆக்ஸிஜன் நுழையாது, அங்குதான் கட்டு அவிழ்கிறது. ஹேபருக்கு 500 டிகிரி தேவைப்பட்ட வேலை, சாதாரண மழைத் தண்ணீரில்.

டேயின் கட்டுரை வந்து நாலே வருடத்தில், 1943-ல், அதே வங்காளத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் பசியால் செத்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைப்பது நியாயமா என்று எனக்குத் தயக்கம் உண்டு. மண்ணில் சத்து இல்லாததால் வந்த பஞ்சம் இல்லை அது. போர், விலையேற்றம், பதுக்கல், லண்டனின் அலட்சியம். அமர்த்தியா சென் பின்னாளில் காட்டியதும் அதைத்தான்: அரிசி மாயமாய் மறைந்துவிடவில்லை, கூலிக்காரனின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. இருந்தாலும் பக்கத்தில் வைக்கிறேன். உயிர் உரங்களைப் பற்றி எழுதுபவர்கள், மண்ணைச் சரி செய்தால் வயிறு தானாகச் சரியாகிவிடும் என்ற தொனியில் எழுதுகிறார்கள். இந்தக் கதை முழுக்க அந்த நம்பிக்கை அடி வாங்கிக்கொண்டே வரும்.

இனி வியட்நாம்.

சிவப்பாறு கடலில் சேரும் சமவெளியில், 2025 வரை தாய்பின் மாகாணமாக இருந்த பகுதி. அங்கே லா வான் என்றொரு கிராமம். அசோலாவை முதன்முதலில் வயலில் வளர்த்தது இந்த ஊர்க்காரி ஒருத்தி, பா ஹெங் என்ற விவசாயக் கிழவி என்பது அங்கே வழங்கும் கதை. அவளுக்குக் கோயில் உண்டு. எந்த நூற்றாண்டு என்பதில் கதைகள் வேறுபடுகின்றன, பதினோராம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். வியட்நாமியர் அந்தச் செடிக்கு வைத்த பெயர் ‘பேவோ ஹ்வா தௌ’. மல்பெரிப் பூவைப் போன்ற நீர்ப்பாசி என்று பொருள். பட்டு வளர்க்கும் ஊரில் மல்பெரிதான் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கும். தமிழ்நாட்டில் இதையே மூக்குத்திச் செடி, கம்மல் பாசி என்கிறார்கள். ஒரே செடியைப் பார்த்து ஒரு ஊருக்குப் பூ ஞாபகம் வருகிறது, இன்னொரு ஊருக்கு நகை.

அறிவியலுக்கு இந்தச் செடி 1783-ல் வந்தது. லமார்க் பெயர் வைத்தார். காய்ந்தால் செத்துவிடும் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து எடுத்தார் என்பார்கள். 1873-ல் ஸ்ட்ராஸ்பர்கர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அதன் இலைக்குள் சின்ன அறை இருப்பதையும், அறைக்குள் அனபீனா குடியிருப்பதையும் விவரமாக எழுதினார். அசோலா பெரணி வகை. தண்ணீரில் மிதக்கும் பெரணி. அது இடம் கொடுக்கிறது, உணவு கொடுக்கிறது. அனபீனா வாடகையாக நைட்ரஜன் தருகிறது. இந்தக் குடித்தனம் எவ்வளவு பழையது என்றால், குடியிருப்பவருக்கு இப்போது வெளியே பிழைக்கத் தெரியாது. 2010-ல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, தனியாக வாழத் தேவையான மரபணுக்கள் பல சிதைந்து கிடந்தன. அம்மா செடியிலிருந்து பிள்ளைச் செடிக்குச் சீதனம் போல அது போய்க்கொண்டிருக்கிறது.

நல்ல பருவத்தில் மூன்றிலிருந்து ஐந்து நாளில் அசோலா இரட்டிப்பாகும். ஒரு கூடை, இரண்டு கூடை, நாலு கூடை. ஒரு மாதத்தில் வயல் மூடிவிடும். மூடிய பாசியைச் சேற்றில் மிதித்துவிட்டால் சில வாரத்தில் அழுகி, பிடித்து வைத்த நைட்ரஜனில் பெரும்பகுதியை விட்டுவிடும். ஒரு தடவை வளர்த்து மிதித்தால் ஹெக்டருக்கு 20, 30 கிலோ நைட்ரஜன் கிடைக்கும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? அப்படியென்றால் ஏன் சிவப்பாற்றுச் சமவெளி முழுக்க எல்லோரும் வளர்க்கவில்லை? ஏன் லா வானைப் போல ஒரு சில ஊர்கள் மட்டும்?

காரணம் கோடை. அசோலா பின்னாட்டாவுக்கு 20லிருந்து 30 டிகிரி வரைதான் சுகம். வியட்நாமியர் அதைக் குளிர்காலத்தில் வளர்த்து, வசந்தகால நெல்லுக்கு உரமாக்கினார்கள். நெல் அறுத்ததும் கோடை வந்துவிடும். வெயிலில் செடி சிவக்கும், மெலியும், புழு விழும், நத்தை தின்னும். நெல்லென்றால் விதையைக் குதிரில் கொட்டி வைத்துவிட்டு அடுத்த பருவம் வரை நிம்மதியாக இருக்கலாம். அசோலா வித்துகளை எப்போதாவதுதான் உண்டாக்கும், அதை நம்பி விவசாயம் பண்ண முடியாது. அதனால் விதையாகச் சேமிக்க முடியாது. உயிரோடு வைத்திருந்தால்தான் அடுத்த வருடம் உண்டு. ஏழெட்டு மாதம், தினம் தினம். நிழலான குட்டை பார்த்து, தண்ணீர் சூடாகாமல் பார்த்து, சாம்பலும் மட்கிய எருவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, புழு எடுத்து, அடர்ந்தால் மூங்கிலால் தட்டிப் பிரித்துவிட்டு. சாம்பல் எதற்கு என்றால், நைட்ரஜனைத் தானே சம்பாதிக்கும் செடிக்கு மற்ற சத்துகளைச் சம்பாதிக்கத் தெரியாது. முக்கியமாக மணிச்சத்து. அது இல்லாவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

லா வானின் ரகசியம் இதுதான். அசோலா எல்லா வாய்க்காலிலும் கிடைக்கும், கோடையைத் தாண்ட வைக்கிற கைதான் சில குடும்பங்களிடம் இருந்தது. அவர்கள் குளிர்காலத் தொடக்கத்தில் தாய்ப்பாசியைக் கூடை கூடையாக மற்ற ஊர்களுக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் தம் வயலில் பெருக்கிக்கொண்டார்கள், கோடையில் இழந்தார்கள், மறுவருடம் திரும்ப வந்து வாங்கினார்கள். விதை நிறுவனங்கள் வீரிய ஒட்டு ரகத்தில் இன்று செய்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. நாட்டுப்புற அறிவென்றால் எல்லோருக்கும் பொது, கபடமில்லாதது என்று நினைக்கிற பழக்கம் நமக்கு உண்டு. நம்மூர் வைத்தியர்களின் ஓலைச்சுவடியை நினைத்துப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். மறைத்து வைத்த அறிவுதான் பல நேரம் பிழைத்திருக்கிறது. மறைத்து வைத்ததாலேயே பரவாமலும் போயிருக்கிறது. பா ஹெங் தனக்குத் தெரிந்ததை ஊருக்குச் சொன்னாளா, பிள்ளைகளுக்கு மட்டும் சொன்னாளா என்று கதையில் இல்லை. கோயில் கட்டியவர்கள் யார் என்று தெரிந்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் இதை முறையாக எழுதி வைத்தவர் ஒரு வியட்நாமியர், நுயென் காங் தியூ. 1930-ல் இந்தோசீனாவின் பொருளாதார இதழில் அசோலாவைப் பசுந்தாள் உரமாக வளர்ப்பது பற்றி பிரெஞ்சு மொழியில் கட்டுரை வெளியிட்டார். ஆனால் காலனி அரசுக்கு அக்கறை தெற்கே இருந்தது. மேகோங் சமவெளியின் ஏற்றுமதி அரிசி. அந்தச் சைகோன் அரிசி ரங்கூன் அரிசியோடும் சயாம் அரிசியோடும் கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. நம் தாத்தா பாட்டிகள் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாரப்படி வாங்கிப் பொங்கியது இப்படி மூன்று நாட்டிலிருந்து வந்த சோறு. ஜப்பான்காரன் காலத்தில் கப்பல் நின்றது. மரவள்ளிக்கிழங்கு கதையை நீங்கள் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள்.

அந்தக் கதையின் இன்னொரு முனை தாய்பின்னில் இருக்கிறது. 1944 இறுதியிலிருந்து 1945 நடுப்பகுதி வரை வட வியட்நாமில் பெரும் பஞ்சம். ஜப்பானியப் படைக்காக நெல்லைக் கட்டாயமாகப் பிடுங்கினார்கள். நெல் விளைந்த நிலத்தில் சணல் போடச் சொன்னார்கள். புயலும் வெள்ளமும் அறுவடையை அடித்துக்கொண்டு போனது. தெற்கிலிருந்து அரிசி வர வேண்டிய ரயில் பாதையை அமெரிக்க விமானங்கள் உடைத்திருந்தன. பிரெஞ்சு நிர்வாகம் கை கட்டி நின்றது. செத்தவர் எண்ணிக்கையைச் சிலர் நாலு லட்சம் என்கிறார்கள், வியட்நாம் அரசு இருபது லட்சம் என்கிறது. மிக மோசமாக அடிபட்ட மாகாணம் எது என்றால் தாய்பின். அசோலாவின் தாய்வீடு. ஆயிரம் வருடம் மண்ணைப் பட்டினி போடாமல் காத்த ஊர், ஒரே குளிர்காலத்தில் பட்டினியில் விழுந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மனதைப் பிசையும் இடம் இது. சணல் போட்ட வயலில் மிதக்கத் தண்ணீர் ஏது?

1954-க்குப் பிறகு ஹனோயில் புது அரசு. கையில் உர ஆலை இல்லை. உரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லை. ஆனால் லா வான் இருந்தது. குடும்பங்களிடமிருந்த ரகசியத்தை அரசு எடுத்துப் பொதுவாக்கியது. கூட்டுறவுப் பண்ணை ஒவ்வொன்றிலும் அசோலாவுக்கென்று ஆள் போட்டார்கள், கோடையில் தாய்ப்பாசி காக்கும் குட்டைகள் வெட்டினார்கள். 1955-ல் சுமார் 40,000 ஹெக்டராக இருந்தது 1965-ல் 3,20,000 ஹெக்டர் ஆனது. சீனாவின் உதவியோடு ஹா பாக்கில் கட்டிய நைட்ரஜன் ஆலை போரில் முடங்கி, 1975-ல்தான் யூரியா தந்தது. நடுவில் பல வருடம் வடக்கு வியட்நாம் குண்டுமழைக்குக் கீழே விவசாயம் பண்ணியது. ஆலையைக் குண்டு போட்டு நிறுத்தலாம். குட்டையில் மிதக்கும் பாசிக்குக் குண்டு போட்டால் அது இரண்டாகப் பிரிந்து இன்னும் வளரும். (இது என் கற்பனை, ராணுவக் குறிப்பு இல்லை.)

லா வான் குடும்பங்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டன? பிழைப்பு போனவர்கள் மகிழ்ந்திருக்க மாட்டார்கள். பொதுவாக்கியது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வயலில் இறங்கிய கைகள் யாருடையவை என்றும் பார்க்க வேண்டும். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்ட காலம். நாற்று நட்டவர்களும் பாசி சுமந்தவர்களும் பெரும்பாலும் பெண்கள்.

சுமை என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன். ஈர அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர், நைட்ரஜன் கால் சதவீதத்துக்கும் குறைவு. அந்த 23 கிலோவைப் பாசியிலிருந்து எடுக்க ஏறக்குறைய பத்து டன் பாசி வேண்டும். அங்கிள் தோளில் தூக்கிப் போட்ட ஒரு மூட்டைக்குப் பத்து டன். அவ்வளவையும் சுமக்க வேண்டியதில்லை, வயலிலேயே வளரும், உண்மைதான். ஆனால் பெருக்கும் குட்டையிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்து பரப்பி, சாம்பல் தூவி, தண்ணீர் வடித்து, மிதித்துப் புதைத்து, திரும்பத் தண்ணீர் கட்டி, மீந்ததை மறுபடி பெருக்கி... எல்லாம் குளிர்த் தண்ணீரில், முழங்கால் சேற்றில், குனிந்தபடி.

சீனாவின் தென் மாகாணங்களிலும் பழைய காலந்தொட்டு இது உண்டு. கம்யூன்கள் காலத்தில் அங்கும் பெருகி 1970களின் இறுதியில் 13 லட்சம் ஹெக்டரைத் தாண்டியது. இரண்டு இடத்திலும் ஒரே கதைதான், மனித உழைப்புக்குத் தனியாக விலை போடாத அமைப்பு. அதனால்தான் அசோலா அங்கே மலிவு.

நீலப்பச்சைப் பாசியைத் தனியாக வளர்த்து வயலில் தூவும் முயற்சி வேறொரு தடத்தில் நடந்தது. ஜப்பானில் அட்சுஷி வாதனாபே, போர்னியோவில் எடுத்த டோலிபோத்ரிக்ஸ் வகையை வயலில் விட்டு 1951-ல் முடிவு வெளியிட்டார். டில்லியில் ஜி.எஸ். வெங்கட்ராமன் இதை விவசாயி வீட்டுக் கொல்லை வரை கொண்டுவந்தார்: ஆழமில்லாத தொட்டி, கொஞ்சம் மண், சூப்பர் பாஸ்பேட், தண்ணீர். மேலே படரும் ஆடையை வெயிலில் காயவைத்துச் செதிலாகச் சுரண்டி, ஹெக்டருக்குப் பத்து கிலோ. காய்ந்தாலும் சாகாது என்பது அசோலாவிடம் இல்லாத வசதி. சில வயலில் நன்றாக வேலை செய்தது, சில வயலில் ஒன்றுமே நடக்கவில்லை. தூவிய பாசியை நத்தையும் நீர்ப்பூச்சியும் தின்றன, அல்லது உள்ளூர்ப் பாசி மேலேறிக்கொண்டது. ரோஜரும் இலங்கையரான குலசூரியவும் 1980-ல் நீலப்பச்சைப் பாசியும் நெல்லும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அதன் பிறகு ரோஜர், வெளியிலிருந்து தூவுவதைவிட வயலில் ஏற்கெனவே இருப்பதைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதே மேல் என்ற பக்கம் மெல்ல நகர்ந்தார். இந்த விஷயத்தில் நான் படித்தவற்றில் அறிவாளித்தனம் இல்லாத அறிவு அதுதான்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியது, யூரியா விலையும் கூடவே ஏறியது. உடனே உலகம் அசோலாவை நினைத்துக்கொண்டது. பிலிப்பைன்ஸில் லோஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், யூரியா கொட்டினால் பொழியும் ஐ.ஆர்.8 ரகத்தை 1966-ல் உலகத்துக்குத் தந்த அதே நிலையம், இப்போது அசோலா தொட்டிகள் கட்டியது. இன்னொரு வாதனாபே, இவாவோ, அங்கே மண் நுண்ணுயிரியலுக்குப் பொறுப்பேற்று உலகெங்கிலுமிருந்து அசோலா வகைகளைத் திரட்டினார். அவர்கள் கண்டுபிடித்த ஒன்று எனக்குப் பிடிக்கும். பகலில் வயல் தண்ணீரிலுள்ள சாதாரணப் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்ச, தண்ணீர் காரமாகிவிடும். காரமான தண்ணீரில் யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் பறந்துவிடும். தண்ணீர் கட்டிய வயலில் போடும் யூரியாவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் நெல் பிடிக்கிறது என்பது பொதுக்கணக்கு. அசோலா மேலே மூடியிருந்தால் வெயில் உள்ளே இறங்காது, தண்ணீர் காரமாகாது, யூரியாவும் ஓரளவு தங்கும். உரத்துக்குப் போட்டியென்று கொண்டுவந்த செடி, உரத்துக்குக் காவலாகவும் நிற்கிறது.

கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எஸ். கண்ணையன் பல வருடங்கள் இதில் உழைத்தார். பின்னாளில் அங்கே துணைவேந்தர் ஆனவர். தமிழ்நாட்டுக் கோடை சிவப்பாற்றுக் கோடையைவிடக் கொடியது என்பதால் மைக்ரோஃபில்லா என்ற, வெயிலை ஓரளவு தாங்கும் வெளிநாட்டு வகை முன்னுக்கு வந்தது. இன்று தஞ்சாவூர்ப் பக்கம் யாரிடமாவது அசோலா என்று கேட்டுப் பாருங்கள், வயலைக் காட்டமாட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் சில்பாலின் விரித்த குழியைக் காட்டி, “மாட்டுக்குங்க” என்பார்கள். காய்ந்த எடையில் கால்வாசிக்குப் புரதம். மாடும் கோழியும் விரும்பித் தின்கின்றன. வயலில் தோற்ற செடி கொட்டகையில் பிழைத்துக்கொண்டது.

தோற்றதுதான். சீனாவில் கம்யூன்கள் கலைந்தன, வியட்நாமில் 1988-ல் நிலம் குடும்பங்களின் பொறுப்புக்கு வந்தது. தன் உழைப்புக்குத் தானே கணக்குப் பார்க்க முடிந்த நாளன்று விவசாயி பாசிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு யூரியா வாங்கப் போனார். யார் குறை சொல்ல முடியும்? கூடை சுமந்த பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் தாய்ப்பாசிக் குட்டைகளும் கூடவே போயின. ஒரு வருடம் யாரும் கோடையில் காக்கவில்லையென்றால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்துவிடுகிறது. புத்தகத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், அட்டவணையோடு. எந்த நாள் தண்ணீர் சூடு என்று கால் விரலால் தெரிந்துகொள்வது அட்டவணையில் வராது.

உரத்தை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் நம் காலத்திலேயே பார்த்தோம். 2021-ல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. அந்த வருடம் நவம்பரில் தடையை விலக்கும்போது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது, விளைச்சல் கடுமையாக விழுந்தது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் நெல் போட்டவர்கள், இயற்கை விவசாயம் என்ற சொல்லையே கெட்ட வார்த்தையாகக் கேட்கும் நிலை வந்தது. ஹனோய்க்கு 40,000 ஹெக்டரிலிருந்து எட்டு மடங்காக்கப் பத்து வருடம் பிடித்தது. கொழும்பு ஒரு போகத்தில் முடிக்க நினைத்தது.

கெடாவில் மூடா திட்டத்துத் தண்ணீர் 1970-ல் வந்து இருபோகம் தொடங்கியது. அதோடு இயந்திரமும் உரமும் வந்தன. வேலை இழந்த ஏழைகள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பைப் பற்றி ஜேம்ஸ் ஸ்காட் ஒரு பெரிய புத்தகமே எழுதியிருக்கிறார். மானிய உரம் 1979-லிருந்து விவசாயிக்குப் போகிறது. அங்கிள் ஏற்றிய மூட்டைகளில் பாதிக்கு மேல் அந்த வகைதான்.

மூன்றில் ஒரு பங்குக் கணக்கை மட்டும் அன்று காரில் அவரிடம் சொல்லி முடித்திருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு, “அப்போ நான் முதுகு ஒடிய ஏத்துன மூட்டையில மூணுக்கு ரெண்டு காத்துலயும் தண்ணிலயும் போயிருச்சுங்கிற” என்றார். கோபமா கிண்டலா என்று தெரியவில்லை. “கூலி மூணுக்கும் குடுத்தான், அது வரைக்கும் சரி.”

அந்த வாய்க்கால் கிட்ட திரும்ப வந்தபோது அவராகவே காரை நிறுத்தினார். மினரல் வாட்டர் பாட்டிலை வெட்டி ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டார். வீட்டில் அக்கா வளர்க்கும் நாலு வாத்துக்கு என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஃபோன் வந்தது. “தம்பி, மொத வாரம் தொட்டியே ரொம்பிருச்சு. இப்ப பூராவும் செவந்து போயி சுருங்குது. என்னா பண்றது?”

நிழலில் வையுங்கள், தண்ணீரை மாற்றுங்கள், கொஞ்சம் சாம்பல் தூவிப் பாருங்கள் என்றேன்.

“சாம்பலுக்கு எங்கப்பா போறது? வீட்ல கேஸ் அடுப்புல்ல.”